காலித் தொப்பிப்பெட்டி

1891 ஜனவரி 19, திங்கள்

ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. மாணவர்கள் விடுமுறை முடிந்து பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அதாவது இவருக்கு வேலை தொடங்கிவிட்டது. காலையில் அந்த உயரத் தொப்பியைப் பட்டுத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பெற்ற பிள்ளைகளின் முகத்தை ஒருநாளாவது இத்தனை பொறுமையாகத் துடைத்திருப்பாரா?

எங்கள் மூத்தவள் நெல் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். நாய்க்குட்டி என்று கூப்பிடுகிறார்களாம். இவரைப் போல மாணவர்களைப் பிடிக்கிற ப்ராக்டரின் ஆட்களை ஊரே நாய்கள் என்றுதான் சொல்கிறது, அவர்கள் பிள்ளைகளை வேறென்ன சொல்லும்? ஏழு வயதுப் பெண்ணுக்கு இதை எப்படி விளக்குவது? இவரிடம் சொன்னேன். குரைக்கச் சொல்லு, ஓடிப்போயிடுவாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

தங்கை செலினா வந்துவிட்டாள். பெரிய தெருவில் மிஸ் ஃபிட்சின் தொப்பிக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, எங்களோடு தங்கப்போகிறாள். பத்தொன்பது வயது, வாய் மட்டும் நாற்பது வயது. அப்பா பிடித்த விலாங்கு மீன் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். வெகுநாளைக்குப் பிறகு இந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம்.

சாப்பாட்டு மேசையில் இவருக்குப் பெருமை பேசப் புது ஆள் கிடைத்தது. ராணி ஒருத்தி முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த பட்டயத்திலிருந்து ஆரம்பித்தார். தெருமுனையில் நிற்கும் ஊர்ப் போலீஸ்காரன் எல்லாம் நேற்று முளைத்தவனாம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் காவல், சொந்த நீதிமன்றம், சொந்தச் சிறை. அவர்கள் உரிமையில் கை வைக்க மாட்டேன் என்று இந்த ஊர் மேயரே வருஷா வருஷம் சத்தியம் செய்த காலமும் உண்டாம். ஆசிரியர்களில் ஒருவரை ஆண்டுக்கொருமுறை ப்ராக்டராக நியமிப்பார்கள். இந்த ஆண்டு மிஸ்டர் லாங்மீட். மாலையானால் அவர் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாகத் தெருவைச் சுற்றி வருவார், பின்னாலேயே உயரத் தொப்பியோடு இவரும் இன்னொருவரும். அங்கி போடாமல் திரிகிற மாணவனைப் பிடித்தால் பெயர், கல்லூரி, அபராதம், அவ்வளவுதான். அவனோடு நடந்துபோகிற பெண்ணுக்குக் கம்பளி வீடு. ஒரு காலத்தில் ஏழைப் பெண்களை அடைத்துக் கம்பளி நூற்க வைத்த கட்டடம் அது. இப்போது நூற்பு இல்லை, அடைப்பது மட்டும் இருக்கிறது.

"சும்மா நடந்தாலேவா, அத்தான்?" என்று கேட்டாள் செலினா.

"நடக்குறவ எதுக்கு நடக்குறாள்னு எங்களுக்குத் தெரியும்."

"அப்ப நான் நடக்கவே மாட்டேன். ஓடியே போயிடறேன்."

"ஓடிப் பாரு. என்னை இந்த வேலைக்கு எடுத்ததே ஓட்டத்துக்குத்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

செலினாவுக்குக் கடை மூடும்போதே இருட்டிவிடுகிறது. பெரிய தெரு முழுக்க மாணவர்கள். தினமும் அவள் கதவைத் திறக்கும்வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. அவள் எந்தத் தப்புக்கும் போகிறவள் இல்லை. ஆனால் வழி கேட்கிறேன் என்று எவனாவது பக்கத்தில் வந்து நடந்தால் போதுமே?

இன்று இவர் கொழுப்புத் தடவிய ரொட்டியை மென்றுகொண்டே தன் தொழிலின் சூட்சுமத்தைச் சொன்னார். கையில் பொதியோ பெட்டியோ வைத்திருக்கிற பெண்ணை ப்ராக்டர்கள் நிறுத்துவதே இல்லையாம். யாருக்கோ சாமான் கொண்டுபோகிறாள், வேலைக்காரப் பெண் என்று விட்டுவிடுவார்களாம். கையை வீசிக்கொண்டு போகிறவள்தான் கண்ணில் படுவாள். சொல்லிவிட்டு உடனே, வெளியே மூச்சு விடாதே, லாங்மீட் ஐயா காதுக்குப் போனால் என் வேலை போச்சு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பொதி தூக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றார்.

பிப்ரவரி 4, புதன்

அலமாரி மேலிருந்து என் கல்யாணத் தொப்பியின் பெட்டியை எடுத்தேன். மூடியில் மிஸ் ஃபிட்ச் பெயரே போட்டிருக்கிறது. தொப்பியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டுக் காலிப் பெட்டியைச் செலினாவிடம் கொடுத்தேன். தினமும் வீட்டுக்கு வரும்போது இதைக் கையில் பிடித்துக்கொண்டு வா, அத்தானிடம் சொல்லாதே என்றேன். உனக்கு இவ்வளவு மூளையா அக்கா என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

பெட்டி நன்றாக வேலை செய்கிறதாம். உயரத் தொப்பிக்காரர்கள் இரண்டு பேர் எதிரே வந்தும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். எனக்கு ஒரே பெருமை.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று செலினா வரவில்லை. இவர்தான் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. அவ கம்பளி வீட்டுல இருக்கா என்றார், என்னவோ அவள் கடையில் இருக்கிறாள் என்பதுபோல.

கேட்டுக் கேட்டு வாங்கினேன். மாணவன் ஒருவன் பெட்டியை நான் தூக்கி வரட்டுமா என்று அவள் கூடவே நடந்திருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவள் வேகமாக நடந்திருக்கிறாள். மூலை திரும்பினால் லாங்மீட். பையன் பெயரையும் கல்லூரியையும் சொல்லித் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டான். இவளிடம் பெட்டியைத் திற என்றிருக்கிறார் லாங்மீட். காலி. யோக்கியமான பெண் எதற்காகக் காலிப் பெட்டியைச் சுமக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்.

நீங்க அங்கதானே நின்னீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். என் மைத்துனின்னு சொன்னேன் என்றார். காலையில் பல்கலைக்கழகத்தின் நீதிபதியான துணைவேந்தர் விசாரித்து அனுப்பிவிடுவார் என்றார். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

அவள் பால் குவளை மேசையிலேயே இருக்கிறது. ஆடை படிந்துவிட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

மூன்று வாரம். மூன்று வாரம் சிறை!

கம்பளி வீட்டின் துணிகளை வெளுக்கிற பக்கத்து வீட்டு மிஸஸ் ஸ்பார்லிங்தான் வந்து சொன்னாள். எங்களோடு இந்தத் தெருவில் பேசுகிற ஒரே ஆள், அதுவும் என்னைக் குத்துவதற்காகத்தான் பேசுவாள். இன்று குத்தவில்லை. அதனால்தான் பயந்தேன். விசாரணை மாடியறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வக்கீல் கிடையாது, யாருக்கும் சத்தியப் பிரமாணம் கிடையாது. ப்ராக்டர் சொன்னால் சொன்னதுதான். முட்டை வேகும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. முன்னதாகவே கடையில் ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார்கள். நான் எந்தத் தொப்பியும் கொடுத்தனுப்பவில்லை என்று மிஸ் ஃபிட்ச் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அந்தப் பையனை யாரும் கூப்பிடவே இல்லை.

பிறகு மிஸஸ் ஸ்பார்லிங் குரலைத் தாழ்த்தினாள். "பெட்டியைக் கொடுத்தது எங்க அக்காதான்னு உன் தங்கச்சி சொல்லியிருக்கா. உன் புருஷனைக் கேட்டாங்களாம். எங்க வீட்டுல அப்படி ஒரு பெட்டியே கிடையாதுன்னுட்டானாம்."

பிப்ரவரி 14, சனி

கேட்டேன். மறுக்கவில்லை.

பெட்டி நீ கொடுத்ததுன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க, நான்தான் சொன்னேன்னு ஆகும் என்றார். வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும், வீடு பல்கலைக்கழகத்துடையது, ஆறே உறைந்து கிடக்கிற இந்தக் குளிரில் இரண்டு பெண்பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்று என்னையே கேட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

"அதுக்காக அவளைப் பொய்க்காரி ஆக்குவீங்களா?"

"சத்தியம் பண்ணிச் சொல்லலியே, ஹெஸ்டர். சும்மா கேட்டாரு, சும்மா சொன்னேன்."

ஒவ்வொரு ஞாயிறும் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிற மனுஷன். இந்தக் கணக்கை எங்கே படித்தார்? இத்தனை ஆண்டும் அந்த மாடியறையில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாரா? எத்தனை பெண்கள்? கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்று பயம்.

பிப்ரவரி 16, திங்கள்

செலினாவைப் பார்த்தேன். மேட்ரன் மிஸஸ் க்ளூஸ் சாவிக்கொத்தோடு பக்கத்திலேயே நின்றாள். கணப்பு இல்லாத அறை, சுவரில் ஈரம். செலினாவின் விரல்கள் வெடித்திருந்தன. மிஸ் ஃபிட்ச் வேலையிலிருந்து எடுத்துவிட்டதை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை, அவளே யூகித்திருந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "மூணு வாரம் ஒண்ணும் பெரிசில்லைக்கா. நான் பொய் சொன்னேன்னு எழுதி வச்சிருக்காங்க, அதுதான் தாங்கலை. நீ வந்து, பெட்டியை நான்தான் கொடுத்தேன்னு சொல்லு. அது போதும்."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன்! கடைக்காரனிடம் பேரம் படியாதபோது சொல்கிற வார்த்தை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள், நெல்லும் சின்னவள் ஏடாவும் சாப்பிடுகிறார்களா என்று விசாரித்தாள்.

பிப்ரவரி 18, புதன்

எதுவும் செய்யவில்லை. ரொட்டி சுட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

டெபட் என்ற வக்கீல் வந்தார், ஊர்க்காரர். மேயரும் நகரசபையினரும் அவருக்குப் பின்னால் இருக்கிறார்கள். இந்த வழக்கை லண்டனில் பெரிய நீதிபதிகளிடம் கொண்டுபோகப்போகிறார்களாம். இரண்டு தலைமுறையாக ஊர் இதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, இப்போதுதான் தோதான ஒரு பெண் கிடைத்திருக்கிறாள் என்றார். தோதான பெண். அவள் குளிரில் விறைத்துக்கொண்டிருப்பது இவர்களுக்குத் தோது. அந்தப் பக்கம் பட்டயம், இந்தப் பக்கம் மேயரின் பகை. நடுவில் என் தங்கையை யார் நினைக்கிறார்கள்?

எனக்கு இதை நினைக்கவே தகுதியில்லை. நான்தான் முதலில் அவளைக் கைவிட்டவள்.

பெட்டியைக் கொடுத்தது நான்தான் என்று சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும், அதைத்தான் கேட்கிறார். என் கணவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். வக்கீல் படிக்கட்டில் வெகுநேரம் நின்றது தெரிந்தது. நானும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்த வீட்டில் எந்தப் பக்கம் நின்றாலும் யாருக்கோ துரோகம்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சபைக்கு இவரும் பிள்ளைகளும் மட்டும் போனார்கள். எனக்குத் தலைவலி என்றேன்.

மதியம் சமையலறையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நெல்தான் ப்ராக்டர், துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு. ஏடாவுக்கு நாலு வயசு. அவள் ஒரு செங்கல்லைப் பழைய துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். நெல் பிடிக்கப்போனதும், என்னைப் பிடிக்கக் கூடாது, நான் பொதி வச்சிருக்கேன் என்று கத்தினாள். இவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

என் பிள்ளைகள் இந்த ஊரில்தான் வளரப்போகிறார்கள். இதைத்தானா கற்றுக்கொடுத்தேன்? கை நிறையச் சுமந்தால் விட்டுவிடுவார்கள் என்று? செலினா சுமந்தாளே.

பிப்ரவரி 23, திங்கள்

டெபட்டின் அலுவலகத்துக்குப் போனேன். வேதப்புத்தகத்தை முத்தமிட்டுச் சொன்னேன்: பெட்டி என்னுடையது. நான்தான் கொடுத்தேன். பொதி வைத்திருப்பவர்களை விட்டுவிடுவார்கள் என்று தெரிந்ததால் கொடுத்தேன். யார் சொல்லித் தெரியும் என்று டெபட் கேட்டார். கணவர் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது. எழுதுங்க என்றேன்.

திரும்பி வரும்போது சந்தோஷமெல்லாம் ஒன்றும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இவர் மாலையில் லேசான முகத்தோடு வந்தார். நாளை பல்கலைக்கழகத்தின் வக்கீல் ஒரு பத்திரம் வைத்திருப்பார், லண்டனுக்கு அனுப்ப. எங்கள் வீட்டில் பெட்டி எதுவும் இல்லை என்று அதில் இருக்கும், ஒரு கையெழுத்து, அதோடு எல்லாம் முடிந்தது என்றார். லாங்மீட் ஐயா தோளில் தட்டிக்கொடுத்தாராம்.

அப்போதுதான் சொன்னேன். நேற்று நான் சத்தியம் பண்ணிவிட்டேன் என்று.

அடிப்பார் என்று நினைத்தேன். இதுவரை அடித்ததில்லை, ஆனாலும் நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கேக்காமலா, என்றார். நீங்க என்னைக் கேட்டீங்களா, என்றேன்.

"நம்மளைத் தெருவுல நிறுத்திட்டியே, ஹெஸ்டர்."

"நிறுத்திட்டேன். நாளைக்கு நீங்க வேற மாதிரி சத்தியம் பண்ணினா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆண்டவர் முன்னாடி பொய்சாட்சி. அது யாருன்னு உங்களுக்குத் தெரியும். போய்ப் பண்ணிட்டு வாங்க."

இவ்வளவு கொடூரமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவரை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்துதான் செய்தேன். பாவம், சூப்பை முழுக்கக் குடித்தார், ருசி தெரிந்திருக்காது.

பிப்ரவரி 25, புதன்

காலையில் கிளம்பிப் போனார். தொப்பியைத் துடைத்துக்கொண்டுதான் போனார். நான் வாசலுக்குப் போகவில்லை.

மதியத்துக்கு மேல் வந்தார். தலையில் தொப்பி இல்லை, தலைமுடியெல்லாம் பனித்தூள். பிள்ளைகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு என்னிடம் இல்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"புத்தகத்தைக் கையில கொடுத்தாங்க. இத்தனை வருஷத்துல ஒருதடவைகூட எனக்கு அதை யாரும் கொடுத்ததில்லை. வக்கீல் பத்திரத்தைப் படிக்கிறாரு, படிச்சுக்கிட்டே இருக்காரு. புத்தகத்தை வாய்க்கிட்ட கொண்டுபோனேன். முடியலை, ஹெஸ்டர். பெட்டி எங்களுதுதான்னு சொல்லிட்டேன்."

லாங்மீட் கத்தவில்லையாம். தொப்பி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், வைத்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாராம்.

தலையைத் துவட்டிவிட்டேன். இருவரும் அழுதோம். அவர் எதற்காக அழுதார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவளுக்காகவா, வேலைக்காகவா? நான் பயத்தில் அழுதேன், அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பிப்ரவரி 28, சனி

லண்டனில் விடுதலை. எதிர்த்தரப்பு ஆளே மாற்றிச் சொன்ன பிறகு நீதிபதிகள் அதிகநேரம் எடுக்கவில்லை என்று டெபட்டின் குமாஸ்தா வந்து சொன்னான். சத்தியம் வாங்காமல், அவள் பக்கத்துக்கு ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடாமல் இப்படியும் ஒரு விசாரணையா என்று ஒரு நீதிபதி கேட்டாராம். லண்டனிலிருந்து திரும்பிய செலினாவை ரயிலடியில் மேயர் மாலை போடாத குறையாக வரவேற்றாராம். வாத்தியம்கூட இருந்ததாம்.

செலினா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில், மிஸஸ் ஸ்பார்லிங்கிடம் தங்கியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கிறது.

மார்ச் 6, வெள்ளி

நாளை வீட்டைக் காலி செய்யவேண்டும். மாலையில் செலினா வந்தாள். வாசற்படி தாண்டவில்லை. என்னைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்தாள். இவர் எழுந்து நின்றார். செலினா அவரைப் பார்க்கவே இல்லை. அவர் கடைசியில் சொன்னாரே என்று நான் ஆரம்பித்தேன்.

"முதல்ல சொல்லியிருக்கணும்க்கா" என்றாள்.

1894 ஜூலை 8, ஞாயிறு

மூன்று வருஷத்தில் முதல்முறையாகச் செலினா நாங்கள் குடிபெயர்ந்த ஊருக்கு வந்தாள். நான் எழுதி எழுதிக் கூப்பிட்டதற்கு இப்போதுதான் மனசு வந்தது. அந்த ஊரை அவள் விடவே இல்லை. பெரிய தெருவிலேயே சின்னதாக ஒரு தொப்பிக் கடை போட்டிருக்கிறாள். ஆசிரியர்களின் மனைவிமார்கூட வருகிறார்களாம், என் முகத்தைப் பார்க்கவே வருகிறார்கள், வந்ததற்கு ஒரு தொப்பி வாங்கித்தானே ஆகவேண்டும் என்றாள். பழைய வாய் திரும்பியிருக்கிறது. நெல் அவளை விட்டு நகரவே இல்லை.

நாடாளுமன்றத்தில் சட்டமே வந்துவிட்டதாம். இனி ஊர்ப் பெண்கள்மேல் பல்கலைக்கழகத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. கம்பளி வீட்டை இடிக்கப்போகிறார்கள். தொப்பிக்காரர்கள் இனி மாணவர்களை மட்டும் துரத்திக்கொள்ளலாம். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல இதைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

இவர் ரயில்நிலையத்தில் சுமை தூக்குகிறார், இன்று முறை இரவு வரை. வீட்டில் இல்லாததே நல்லது என்று நினைத்தேன். அவருக்கும் அதுதான் நிம்மதி. வாரா வாரம் அவ ஏதாவது எழுதினாளா என்று கேட்பார், எழுதினாள் என்பேன், அதற்குமேல் இரண்டு பேரும் பேசமாட்டோம்.

சாயங்கால ரயிலுக்கு அவளைக் கொண்டுவிடப் போனோம். கையில் கனமான பை, நான் கொடுத்த ஜாம் எல்லாம் அதில். மேடையில் இவர்தான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையை நீட்டினார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பையைக் கொடுத்தாள். மேடையின் கடைசிவரை அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால். அவளை ரயில்பெட்டியில் ஏற்றி, பையை மேலே வைத்து, கதவைச் சாத்தினார். அவள் ஜன்னல் வழியாக ஒரு பென்னியை நீட்டினாள், எந்தச் சுமைகாரருக்கும் கொடுப்பதுபோல.

இவர் முகம் செத்துப்போயிற்று. வேணாம்மா என்றார்.

"வாங்கிக்குங்க, அத்தான்" என்றாள். "இது உழைச்ச காசு."

ரயில் போய்விட்டது. இவர் அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டே முறை முடியும்வரை வேலை பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தும் இடது கையைத் திறக்கவில்லை, வலது கையால் மட்டும் சாப்பிட்டார். ஏடா, அப்பாவுக்குக் கையில் என்ன என்று கேட்டாள். சித்தி கொடுத்தது என்றார்.